மர வித்தும் பிறந்த மண்ணும்

நெல்வித்தைப் போகந்தோறும் மாற்றலாம். நட்ட மரமோ 50 ஆண்டுகள் ஓரிடத்திலேயே நிற்கும். ஆதலால், கமக்காரர் மரவித்தைத் தெரிவதிற் கவனஞ் செலுத்தல் வேண்டும்.

பிரான்சு தேசத்தில் வில்மோறின் என்பவர், 1820ஆம் ஆண்டுகளில், ஐரோப்பாவின் பலவிடங்களிற் பெற்ற ஒரேயினப் பைன் வித்துக்களை ஒரே நிலத்தில் வளர்த்தார். மண்ணும் மழையும் ஒன்றாயிருந்தும் மரங்கள் வேறுபட்டே வளர்ந்தன. அது பரம்பரை இயல்பு. அவ்வவ்விடத்துக் குளிரையும் வறட்சியையும் தாங்கியவையே தலைமுறைதோறும் வித்தீன்றமையால் அவ்வியல்பு நிலைத்தது.

எனவே, உலர்வலயத்தில் வேம்பு நடுவோர், அவ்வலயத்து நலமான மரங்களிலிருந்தே வித்தெடுத்தல் நன்று. ஒரு மரத்தை மட்டும் நம்பாது, தொலைவிலுள்ள பல மரங்களிலும் சேர்த்திடுக. காலநிலை மாறிவரும் இந்நாளில், பலவகை நாற்றுக்களுட் சிலவேனும் மாற்றத்தைத் தாங்கும். வேப்பம்வித்து விரைவில் முளைத்திறனை இழப்பதால், பழுத்தவுடன் சேர்த்துச் சில நாட்களுள் விதைத்தல் அவசியம்.