அலெக் கின்னஸ்

சர் அலெக் கின்னஸ் (ஏப்ரல் 2, 1914 - ஆகஸ்ட் 5, 2000) ஓர் ஆங்கிலேய நாடக, திரைப்பட நடிகர் ஆவார். ஷேக்ஸ்பியர் நாடகங்கள், நகைச்சுவைத் திரைப்படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள் எனப் பல துறைகளில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடித்தார். தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய் (1957) திரைப்படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார். ஸ்டார் வார்ஸ் (1977) திரைப்படத்தில் ஓபி-வான் கெனோபி வேடத்தில் நடித்ததன் மூலம் உலகெங்கும் அறியப்பட்டார். ஏற்கும் பாத்திரத்துக்குள் தம்மை முற்றிலும் மறைத்துக் கொள்வதே இவரது நடிப்பின் தனித்தன்மையாகக் கருதப்படுகிறது.

இளமைக் காலம்

கின்னஸ் லண்டன் நகரின் மெய்டா வேல் பகுதியில் பிறந்தார். இவரது பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் எழுதப்படவில்லை. தந்தை யார் என்பது இவருக்கு வாழ்நாள் முழுவதும் உறுதியாகத் தெரியவில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வங்கியாளர் ஒருவர் இவரது பள்ளிச் செலவுகளை ஏற்றார். அவரே தந்தையாக இருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது. பள்ளிப் படிப்பை முடித்த பின்னர் விளம்பர நிறுவனம் ஒன்றில் வாசகங்கள் எழுதும் பணியில் சேர்ந்தார். பின்னர் அப்பணியை விட்டு, உதவித்தொகை பெற்று நாடகப் பள்ளியில் பயின்றார்.

மேடை நாடகங்கள்

1934 ஆம் ஆண்டில் கின்னஸ் முதன்முதலாகத் தொழில்முறை மேடையில் தோன்றினார். அதே ஆண்டில் புகழ்பெற்ற நடிகரான ஜான் கீல்குட் தாம் இயக்கிய ஹாம்லெட் நாடகத்தில் இவருக்கு ஆஸ்ரிக் என்ற சிறிய வேடத்தை அளித்தார். 1936 இல் லண்டனின் ஓல்ட் விக் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1938 இல் டைரோன் கத்ரி இயக்கத்தில், அக்கால நவீன உடைகளுடன் அரங்கேறிய ஹாம்லெட் நாடகத்தில் தலைமை வேடம் ஏற்றார். அதே ஆண்டில் நடிகை மெருலா சலமனைத் திருமணம் செய்து கொண்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையின் தன்னார்வப் படையில் பணியாற்றினார். 1943 இல் சிசிலித் தீவின் மீதான படையெடுப்பில், வீரர்களைக் கரையிறக்கும் கலம் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார்.

1951 இல் லண்டனில் ஹாம்லெட் நாடகத்தை மீண்டும் தாமே நடித்து இயக்கினார். இது விமர்சகர்களின் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாகித் தோல்வியடைந்தது. எனினும் 1953 இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தொடங்கிய ஸ்ட்ராட்போர்ட் நாடக விழாவின் முதல் நாடகத்தில், பெரும் கூடாரம் ஒன்றின் கீழ், மூன்றாம் ரிச்சர்ட் மன்னராக நடித்துப் பாராட்டுப் பெற்றார். 1964 இல் நியூயார்க்கில் கவிஞர் டிலன் தாமஸ் வேடத்தில் நடித்த டிலன் நாடகம் இவருக்கு டோனி விருதைப் பெற்றுத் தந்தது.

திரைப்படங்கள்

டேவிட் லீனும் தொடக்கப் படங்களும்

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் புதினத்தை 1939 இல் கின்னஸ் நாடகமாக்கி, அதில் ஹெர்பர்ட் பாக்கெட் வேடத்தில் நடித்திருந்தார். இந்நாடகத்தைக் கண்ட இயக்குனர் டேவிட் லீன், 1946 இல் அப்புதினத்தைத் திரைப்படமாக்கியபோது அதே வேடத்தை இவருக்கு அளித்தார்.

அடுத்து ஆலிவர் ட்விஸ்ட் (1948) திரைப்படத்தில் முதியவரான ஃபேகின் வேடத்தை இவர் கேட்டபோது லீன் தயங்கினார். முழு ஒப்பனையுடன் சோதனைப் படப்பிடிப்புக்கு வந்து நின்ற பின்னரே அவ்வேடம் இவருக்குக் கிடைத்தது. டிக்கன்ஸ் நூலின் பழைய ஓவியங்களைப் பின்பற்றி அமைந்த அந்த ஒப்பனை, குறிப்பாக நீண்ட மூக்கு, யூதர்களை இழிவுபடுத்துவதாகக் கண்டனம் எழுந்தது. இதனால் ஐக்கிய அமெரிக்காவில் இப்படம் 1951 வரை வெளியாகவில்லை. அப்போதும் சில காட்சிகள் நீக்கப்பட்டே வெளியானது.

ஈலிங் நகைச்சுவைப் படங்கள்

கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ் (1949) என்ற ஈலிங் படப்பிடிப்பு நிறுவனத்தின் படத்தில், பிரபுக் குடும்பம் ஒன்றின் எட்டு உறுப்பினர்களாக, ஒரு பெண் வேடம் உட்பட, கின்னஸ் நடித்தார். தேவாலயக் காட்சியில் இவர்களுள் அறுவர் ஒரே சட்டகத்தில் தோன்றுகின்றனர். படக்கருவியை அசையாமல் பொருத்தி, வில்லையின் ஒரு பகுதியை மட்டும் திறந்து, அதே படச்சுருளை ஒவ்வொரு முறையும் பின்னோக்கிச் சுற்றி, மீண்டும் மீண்டும் பதிவு செய்து இக்காட்சி உருவாக்கப்பட்டது.

மேடையில் தோல்வி கண்ட 1951 ஆம் ஆண்டிலேயே தி லாவெண்டர் ஹில் மாப், தி மேன் இன் த ஒயிட் சூட் ஆகிய இரு படங்கள் வெளியாகி இவரைப் பிரித்தானியத் திரையுலகின் முன்னணி நடிகராக்கின.

க்வாய் ஆற்றுப் பாலம்

தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய் படத்தில், சப்பானியரிடம் போர்க் கைதியான கர்னல் நிக்கல்சன் வேடத்தை இவர் முதலில் ஏற்க மறுத்தார். பாத்திரத்தின் இயல்பு குறித்து இவருக்கும் லீனுக்கும் படப்பிடிப்பு முழுவதும் கருத்து வேறுபாடு நிலவியது. தண்டனைக் கூண்டிலிருந்து விடுபட்டுத் தள்ளாடியபடி நடந்து வரும் காட்சிக்கு, இளம்பிள்ளை வாதத்திலிருந்து மீண்டு வந்த தம் மகனின் நடையை மாதிரியாகக் கொண்டார். தம் திரைநடிப்பில் சிறந்த பகுதிகளுள் ஒன்றாக இந்நடையை இவர் கருதினார்.

இப்படத்தின் பெரும்பகுதி இலங்கையில், களனி கங்கைக் கரையில் அமைந்த கித்துல்கலையில் படமாக்கப்பட்டது. கதைக்குப் பின்னணியான சயாம்-பர்மா இரயில் பாதையை அமைக்கும் பணியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் உயிரிழந்தனர். படம் முதன்மையாகப் பிரித்தானியக் கைதிகளின் கதையையே கூறுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

பிற்காலப் படங்கள்

லாரன்ஸ் ஆஃப் அரேபியா (1962), டாக்டர் ஷிவாகோ (1965) ஆகியவற்றிலும் லீனின் இயக்கத்தில் நடித்தார். எ பாசேஜ் டு இந்தியா (1984) படத்தில் பேராசிரியர் கோட்போலே என்ற இந்தியப் பிராமணராகத் தோன்றினார். இந்தியப் பாத்திரத்தில் ஓர் ஆங்கிலேயரை நடிக்க வைத்தது விமர்சனத்துக்கு உள்ளானது. ஃபேகின் வேடத்தைப் போலவே, வேறொரு மக்களின் தோற்றத்தை ஒப்பனையால் ஏற்பதன் எல்லையை இதுவும் உணர்த்தியது.

ஸ்டார் வார்ஸ்

ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய ஸ்டார் வார்ஸ் படத்தின் உரையாடல்கள் கின்னசுக்கு நிறைவளிக்கவில்லை. ஆயினும் இலாபத்தில் பங்கு பெறும் உடன்பாட்டுடன் நடித்தார். அப்பங்கு இவரைச் செல்வந்தராக்கியது. ஆனால் பல ஆண்டு கால மேடை உழைப்பு மறக்கப்பட்டு, இவ்வொரு வேடத்தால் மட்டுமே தாம் நினைவுகூரப்படுவதை இவர் விரும்பவில்லை. இப்படத்தை நூறு முறைக்கு மேல் பார்த்ததாகக் கூறிய சிறுவன் ஒருவனிடம், இனி அதைப் பார்ப்பதில்லை என உறுதியளிக்குமாறு தாம் கேட்டதைத் தமது நூலில் பதிவு செய்துள்ளார்.

தொலைக்காட்சி

1979 இல் பிபிசி ஒளிபரப்பிய டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை தொடரில் ஜார்ஜ் ஸ்மைலி என்ற உளவுத்துறை அதிகாரியாக நடித்தார். இதற்கு ஆயத்தமாக, பிரித்தானிய உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டைச் சந்தித்து அவரது உடல்மொழியைக் கூர்ந்து கவனித்தார். யாருடைய கண்ணிலும் படாமல் வாழும் ஸ்மைலியின் வேடம் இவரது நடிப்பு முறைக்கு மிகவும் பொருந்தியது. எழுத்தாளர் ஜான் லெ காரே படைத்த இப்பாத்திரத்தை 1982 இல் ஸ்மைலிஸ் பீப்பிள் தொடரில் மீண்டும் ஏற்றார்.

இறுதிக் காலம்

1956 இல் கின்னஸ் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். 1980களின் இறுதியில் லண்டனில் நடைபெற்ற எ வாக் இன் த வுட்ஸ் இவரது கடைசி மேடை நாடகமாகும். பிளெஸ்ஸிங்ஸ் இன் டிஸ்கைஸ் (1985) என்ற தன்வரலாற்றையும், மை நேம் எஸ்கேப்ஸ் மீ (1996), எ பாசிட்டிவ்லி ஃபைனல் அப்பியரன்ஸ் (1999) ஆகிய நாட்குறிப்பு நூல்களையும் எழுதினார். 2000 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 இல் தமது 86 ஆவது அகவையில் இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் பகுதியில் காலமானார். மனைவி மெருலா அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார்.

விருதுகளும் சிறப்புகளும்

* சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருது - தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய் (1957)
* சர் பட்டம் - 1959
* டோனி விருது - டிலன் (1964)
* சிறப்பு ஆஸ்கார் விருது - 1980
* பாஃப்டா தொலைக்காட்சி விருது - ஸ்மைலி வேடத்தில் நடித்த இரு தொடர்களுக்கும்