டோனி காஸ்கரினோ: எட்டு கிளப்புகள், ஒரே பச்சைச் சட்டை

கால்பந்து வீரர் காஸ்கரினோ பிறந்தது 1962-ல், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில். 1982-ல் சிறு கிளப்பான க்ரோக்கன்ஹில்லில் இருந்து கில்லிங்ஹாம் அவரை எடுத்தபோது, விலையாகக் கொடுத்தது பயிற்சி உடைகள்தான் என்று சொல்வார்கள். பிறகு மில்வால், ஆஸ்டன் வில்லா, செல்டிக், செல்சி. கடைசி இரண்டிலும் கோல்கள் வறண்டன, ஏச்சும் பேச்சும் மிஞ்சின.

முப்பது வயதைத் தாண்டியவரை 1994-ல் மார்செய் அழைத்தது. லஞ்ச ஊழலால் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டிருந்த கிளப் அது. முதல் பருவத்திலேயே லீக்கில் 31 கோல்கள் அடித்தார். இங்கிலாந்து கைவிட்ட ஆட்டக்காரரை அந்தத் துறைமுக நகரம் தலையில் வைத்துக் கொண்டாடியது. பின்னர் நான்சி, இறுதியில் பாரிஸின் ரெட் ஸ்டார்.

கிளப்புகள் மாறினாலும் அவருடைய பச்சைச் சட்டை அயர்லாந்து தேசிய அணியுடையதுதான். 1990 ஜூன் 25, ஜெனோவா. ருமேனியாவுடன் உலகக் கோப்பைப் பெனால்டி மோதல். அயர்லாந்தின் நான்காவது உதை காஸ்கரினோவுடையது. பூட்ஸ் தரையைக் கிளற, பந்தோடு மண்ணும் புல்லும் பெயர்ந்தன. ஆனாலும் பந்து வலைக்குள் போனது. அயர்லாந்து 5-4 என வென்று காலிறுதி கண்டது.

தாய்வழித் தாத்தா அயர்லாந்துக்காரர் என்பதால்தான் இவர் அந்த அணிக்கு வந்தார். தாய் ஒரு தத்துப்பிள்ளை, அந்தத் தாத்தாவுடன் இரத்த உறவில்லை என்பது 1996-ல்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த உண்மையை 2000-ல் தன் நூலில் அவரே எழுதினார். ஆனாலும் அயர்லாந்துக்கு விளையாடும் தகுதி அவருக்கு இருந்தது என்பது பின்னர் தெளிவானது.

அயர்லாந்துக்காக 1985 முதல் 1999 வரை 88 ஆட்டங்கள், 19 கோல்கள். 88 என்பது அன்றைக்கு அயர்லாந்தின் சாதனை.