புள்ளலூர்ப் போரும் கம்ப்யூட்டரும்

உத்திரமேரூரிலிருந்து வடக்கே சென்று காஞ்சீபுரத்தைக் கடந்தால் புள்ளலூர் என்னும் சிற்றூர் வரும். 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி, கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் அவர் குமாரர் திப்புவும் அங்கேதான் முறியடித்தார்கள். காஞ்சீபுரத்தில் பெருஞ் சேனையுடன் தங்கியிருந்த ஸர் ஹெக்டர் மன்றோ உரிய வேளையில் உதவிக்கு வந்து சேரவில்லை. "அவர் முழுச் சேனையுடன் முன்னதாகவே புறப்பட்டிருந்தால்?" என்று மாணவர்கள் வினவுவதுண்டு.

முற்காலத்தில் இதற்கு ஊகமே விடை. இக்காலத்தில் கம்ப்யூட்டரிலேயே போரை நடத்திப் பார்க்கலாம். நிலப்படம், படைகளின் தொகை, நடைவேகம், செய்தி போய்ச் சேரும் நேரம் ஆகியவற்றை எண்களாக்கிக் கொடுக்க வேண்டும். அன்று பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின அல்லவா? அத்தகைய தற்செயல்களுக்குத் தாயம் உருட்டுவதுபோல் இடமளித்து, ஒரே போரை ஆயிரம் தடவை ஓட்டுவார்கள். வண்டிகள் தப்பிய ஆட்டங்களிலும் பெய்லியே பெரும்பாலும் தோற்பாராயின், தோல்வியின் வேர் வேறிடத்தில் இருக்கிறதென்று தெளியலாம். டில்லியிலுள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வுக்கூடம் ஒன்று நம் சேனைக்கு இவ்விதப் போர்ப் பயிற்சி ஆட்டங்களை அமைத்துத் தந்திருக்கிறது.

எனினும், யந்திரம் நாம் இட்ட தானியத்தையே அரைத்துத் தரும். 2022 மார்ச் 9-ஆம் தேதி, நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானில் விழுந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை, பதிலடியும் இல்லை. அந்த வேளையில் காக்கப்பட்ட நிதானத்தை எந்த எண்ணால் எழுதுவது? அந்த ஓர் எண் பிழைத்தால், ஆயிரம் தடவை ஓட்டியும் பயனில்லை.