எத்தனையும் எவ்வளவும்

மளிகைக் கடைக்காரர் கேட்கிறார்: “முட்டை எத்தனை? எண்ணெய் எவ்வளவு?” கடைக்கு வந்த பத்து வயதுப் பிள்ளை தடுமாறாமல் பதில் சொல்கிறது. அதே பிள்ளை மறுநாள் ஆங்கில வகுப்பில் ‘மெனி’ எங்கே வரும், ‘மச்’ எங்கே வரும் என்று தெரியாமல் விழிக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கேள்வியில் மெனி என்றால் எத்தனை, மச் என்றால் எவ்வளவு. எண்ணக்கூடியதற்கு ஒன்று, அளக்கக்கூடியதற்கு ஒன்று. எண்ணுப்பெயர், அளவுப்பெயர், நிறைப்பெயர் என்று தொல்காப்பியமே பிரித்துப் பேசுகிறது. விலை கேட்கவும் நாம் ‘எவ்வளவு’ என்கிறோம், அவர்கள் ‘ஹவ் மச்’ என்கிறார்கள். வீட்டிலேயே இருக்கும் இந்த அறிவைத் தொடாமல், பிள்ளைகளைப் பட்டியலை நெட்டுருப் போட வைக்கிறோம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எதை எண்ணலாம் என்பதில் இரு மொழிகளும் ஒத்துப்போவதில்லை. தமிழில் மூன்று தகவல்கள், இரண்டு அறிவுரைகள் என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்துக்கு இன்ஃபர்மேஷன், அட்வைஸ், லக்கேஜ், ஃபர்னிச்சர் எல்லாம் தண்ணீரைப் போல, எண்ண முடியாது. நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ணக் கூடாது. ‘டூ ஃபர்னிச்சர்ஸ்’ என்று சொல்ல இடமில்லை. ‘டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’ என்றுதான் சொல்ல வேண்டும். மனப்பாடம் வேண்டியது இந்தச் சிறு கூட்டத்துக்கு மட்டுமே.

‘லெஸ்’, ‘ஃபியூயர்’ சண்டைக்காக மாணவரை அதிகம் வருத்த வேண்டாம். எண்ணக்கூடியவற்றுக்கு ஃபியூயர் நல்லது என்று 1770-இல் ராபர்ட் பேக்கர் என்ற ஆங்கில மொழி நூலாசிரியர் தம் விருப்பமாகத்தான் எழுதினார். இங்கிலாந்தின் பழங்கால அரசர் ஆல்ஃபிரட் காலத்திலிருந்தே எண்ணுவதற்கும் அளப்பதற்கும் லெஸ் வழங்கிவந்தது. ஆனாலும் அந்த விருப்பம் விதியாகிவிட்டது. 2008-இல் பிரிட்டனின் டெஸ்கோ கடைகள், ‘10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ பலகையை ‘அப் டு 10 ஐட்டம்ஸ்’ என்று மாற்றின. தேர்வில் ஃபியூயர் எழுதுங்கள், போதும். தூரம், பணம், நேரம் ஆகியவற்றை ஒரே அளவாகப் பார்க்கும்போது லெஸ்தான்: ‘லெஸ் தென் 10 கிலோமீட்டர்ஸ்’.

கவனம் முழுவதும் போக வேண்டியது ‘எ’ என்ற ஓரெழுத்தின் மேல். ‘எ ஃபியூ’ என்றால் சிலர் அல்லது சில. அந்த ‘எ’ போய் வெறும் ‘ஃபியூ’ நின்றால், அநேகமாக யாருமில்லை என்ற குறை தொனிக்கும். புரியவில்லையா? கூட்டத்துக்குச் சிலர் வந்தார்கள். கூட்டத்துக்குச் சிலரே வந்தார்கள். முதல் வாக்கியத்தில் ஆள் இருக்கிறது, இரண்டாவதில் ஏமாற்றம் இருக்கிறது. நம் ஏகாரம் சேர்ந்து செய்யும் வேலையை அங்கே ‘எ’ விலகி நின்று செய்கிறது. ‘எ லிட்டில்’, ‘லிட்டில்’ இரண்டும் இப்படியே: குடத்தில் சிறிது தண்ணீர் இருக்கிறது, சிறிதே இருக்கிறது. பேச்சில் ஆங்கிலேயர் வெறும் ஃபியூவைவிட ‘நாட் மெனி’ என்பதையே மிகுதியாகச் சொல்கிறார்கள்.

நம் அலுவலகங்களிலிருந்து நாள்தோறும் ஒரு மின்னஞ்சல் போகிறது: ‘ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ்’. எழுதியவர் சில சந்தேகங்களுக்குப் பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். லண்டனில் படிப்பவர், இவருக்குச் சந்தேகமே அநேகமாக இல்லை என்று எண்ணி அடுத்த மின்னஞ்சலைத் திறக்கிறார்.