பெயர் மாறிய ஊசியும் பாதி விலையும்



சில மாதங்களுக்கு முன் முருகன் கோவிலில் அன்னதான வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஒரு ஐயா திரும்பி, "டொக்டர், உங்களிட்டை ஒரு கேள்வி" என்றார். கோவிலிலும் கலியாண வீட்டிலும் வைத்தியர்கள் சாப்பாட்டை விடக் கேள்விகளைத்தான் அதிகம் பெறுவது வழக்கம். ஆகவே கேட்கச் சொன்னேன். (ஆளை இனங்காண முடியாதபடி சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன்.)

அவருடைய மனைவிக்குப் பல வருடங்களாக மூட்டுவாதம். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வயிற்றில் போடும் 'ஹியுமிறா' ஊசியால் கைவிரல்கள் நல்ல நிலையில் இருந்தன. ஐயா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கம்பனிக் காப்புறுதி நின்று, இருவரும் மாகாண அரசின் மருந்துக் காப்புறுதிக்கு மாறினார்கள். அடுத்த தடவை பார்மசியில் கொடுத்த பெட்டியில் வேறு பெயர், வேறு நிறம். அதே வேலைதான் செய்யும், விலைதான் குறைவு என்று சொல்லிக் கொடுத்தார்களாம். ஐயா கேட்டார்: "பாதி விலைக்குத் தாற சாமான் முழுசா வேலை செய்யுமே, டொக்டர்?"

அவர் கடைசியாகச் சொன்ன விடயந்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. மனைவி அந்தப் பெட்டியைத் தொடவில்லை. இரண்டு மாதமாக அது குளிர்சாதனப் பெட்டியில் அப்படியே இருக்கிறது.

பாதி விலை மருந்தில் பிழையில்லை. மருந்தை நிறுத்தியதுதான் பிழை. வரிசையில் நின்றபடி இதை விளங்கப்படுத்த முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன ஊசி? எமது உடலுக்குள் கிருமிகள் புகும்போது இரத்தத்திலுள்ள சில கலங்கள் பிறபொருளெதிரி என்னும் புரதத்தைச் செய்கின்றன. ஒவ்வொரு பிறபொருளெதிரியும் ஒரேயொரு இலக்கைத்தான் பிடிக்கும். பூட்டுக்கேற்ற திறப்பு மாதிரி. 1975இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டீன், ஜோர்ஜ் கோலர் என்ற இரு விஞ்ஞானிகள், ஒரே கலத்தின் வம்சத்தைப் பெருக்கி, ஒரே மாதிரியான பிறபொருளெதிரியை வேண்டிய அளவு பெறும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 'மொனோகுளோனல்' என்ற சொல்லுக்கு அர்த்தம் அவ்வளவுதான்: ஒரே வம்சம். 1984இல் இதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. மில்ஸ்டீன் ஆர்ஜென்டீனாவில் 1962இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் தன் சக ஊழியர்கள் பழிவாங்கப்படுவதைப் பொறுக்காமல் பதவியை விட்டு வெளியேறியவர். அந்த வழிமுறைக்கு எவரும் காப்புரிமை எடுக்கவில்லை. பிற்காலத்தில் உலகிலேயே அதிக விலைக்கு விற்கப்பட்ட மருந்துகள் பல, இப்படி இலவசமாக வெளியிடப்பட்ட ஒரு ஆய்வுக் கட்டுரையிலிருந்து தொடங்கியவை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புத்தான்.

மூட்டுவாதம், சொறாயசிஸ், குறோன்ஸ் எனப்படும் குடல் நோய் ஆகியவற்றில் 'ரீ.என்.எவ்.' என்ற ஒரு புரதம் தேவைக்கு மேல் சுரந்து வீக்கத்தை மூட்டிவிடுகிறது. அதைப் பிடித்து அடக்கும் பிறபொருளெதிரிகளில் முதலாவதாக 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 'றெமிக்கேட்'. அதன் மருத்துவப் பெயர் இன்ஃப்ளிக்சிமாப். நியூயோர்க்கில் அதற்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான ஜான் வில்செக், 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தப்பி வந்த அகதி. 2005இல் தனது பல்கலைக்கழகத்துக்கு 105 மில்லியன் டொலர் கொடுப்பதாக அவர் அறிவித்தார். அகதியாக வந்த எம்மவர் இதைப் படிக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து இருக்கலாம்!

2002இன் கடைசி நாளில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 'ஹியுமிறா', அதாவது அடலிமுமாப். ஏற்றும் மருந்தாக இல்லாமல் வீட்டிலேயே போடக்கூடிய ஊசியாக வந்ததால் அது உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டது.

இனி விலைக்கு வருவோம். றெமிக்கேட்டின் 100 மில்லிகிராம் போத்தல் ஒன்றின் பட்டியல் விலை கனடாவில் ஆயிரம் டொலருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. குறோன்ஸ் நோய்க்கு ஒரு கிலோ நிறைக்கு 5 மில்லிகிராம் வழக்கமான அளவு. 70 கிலோ ஆளுக்கு ஒரு தடவைக்கு நான்கு போத்தல். எட்டுக் கிழமைக்கொரு தடவை ஏற்றினால் வருடத்துக்கு ஆறு, ஏழு தடவை. கூட்டிப் பாருங்கள், இருபதினாயிரம் டொலரைத் தாண்டும். ஒருவருக்கு மட்டும் இவ்வளவு.

இந்த விலை எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி உண்மையான செலவு. பரசிட்டமோலைப் போல இதை இரசாயனக் கலவையாகச் செய்ய முடியாது. ஹம்ஸ்டர் என்ற சிறு பிராணியின் கலங்களையோ எலியின் கலங்களையோ பெரிய உருக்குத் தொட்டிகளில் வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு அஸ்பிரின் மூலக்கூறை விட ஒரு பிறபொருளெதிரி எண்ணூறு மடங்குக்கு மேல் பெரியது. ஆனால் விலையின் பெரும்பகுதி தொட்டியிலிருந்து வருவதில்லை. போட்டி இல்லாததால் வருவது. ஹியுமிறாவின் உரிமையாளரான அப்வீ நிறுவனம் அமெரிக்காவில் அந்த ஒரு மருந்தைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை வேலி போல அடைத்து வைத்திருந்தது. ஐரோப்பாவில் 2018 ஒக்டோபரில் போட்டி மருந்துகள் வந்தன. கனடாவில் 2021இல் வந்தன. அமெரிக்காவிலோ 2023 வரை வரவில்லை. அதற்கு முந்திய 2022ஆம் ஆண்டில் ஹியுமிறாவின் உலக விற்பனை 21 பில்லியன் அமெரிக்க டொலரைத் தாண்டியது. ஐரோப்பாவில் போட்டி வந்தவுடன் அதே நிறுவனம் சில நாடுகளில் 80 சதவீதம் வரை விலையைக் குறைத்தது. அதே தொழிற்சாலை, அதே மருந்து! ஆகவே அந்த ஐயாவின் கேள்விக்கு என் முதல் பதில்: பாதி விலை மருந்து அரைகுறை மருந்தல்ல. முழு விலை என்பதுதான் போட்டியில்லாத காலத்து விலை.

போட்டியாக வரும் இந்த மருந்துகளுக்குப் 'பயோசிமிலர்' என்று பெயர். 'அதே' என்று சொல்லாமல் 'ஒத்த' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உயிருள்ள கலங்களில் செய்யப்படுவதால் இரண்டு தொழிற்சாலைகளின் மருந்து நூறு வீதம் ஒன்றாக இருக்காது. மூல மருந்திலேயே ஒரு தொகுதிக்கும் இன்னொரு தொகுதிக்கும் நுண்ணிய வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் நோயாளியைப் பாதிக்காது என்று காட்டினால்தான் ஹெல்த் கனடா அனுமதிக்கும். இன்ஃப்ளிக்சிமாபின் முதல் பயோசிமிலரைச் செய்தது தென்கொரியாவின் செல்ட்ரியன் நிறுவனம். 2014இல் கனடாவில் அனுமதி கிடைத்தது. மார்புப் புற்றுநோய்க்கான ட்றஸ்டுசுமாபின் பயோசிமிலரை எங்களுக்குத் தெரிந்த பெங்களூரின் பயோகொன் நிறுவனம் செய்தது. அமெரிக்க அரசு அதை 2017இல் அனுமதித்தது.

கனடாவில் அனுமதி கிடைத்தும் பாவனை ஏறவில்லை. பழைய மருந்தில் இருப்பவர் அதிலேயே இருந்தார். மருந்து ஏற்றும் கிளினிக், வீட்டுக்கு வரும் தாதி, காப்புறுதிப் படிவம் நிரப்பும் உதவி, இவற்றில் பலவற்றை மருந்து நிறுவனமே நடத்துவதும் ஒரு காரணம். நோயாளிக்கு அது பெரிய வசதி. வைத்தியருக்கும் வேலை குறைவு (நானும் இதில் சேர்த்தி). ஆனால் அந்த வசதியின் செலவும் போத்தலின் விலைக்குள்தான் அடங்கியிருக்கிறது.

கியூபெக் மாகாணம் ஒரு காலத்தில் மருந்து நிறுவனங்களுக்கு மிகவும் தாராளமாக இருந்தது. ஜெனரிக் மருந்து வந்த பின்பும், பட்டியலில் சேர்ந்து பதினைந்து வருடம் வரை மூல மருந்துக்கே முழு விலை கொடுக்கும் விதி இங்கு இருந்தது. அது 2013இல் நீக்கப்பட்டது. பயோசிமிலர் விடயத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா 2019இல் முதலில் துணிந்தது. கியூபெக் 2021 மே மாதம் அறிவித்தது: 2022 ஏப்ரல் 12க்குப் பின், பயோசிமிலர் உள்ள மூல மருந்துகளுக்குப் பொதுக் காப்புறுதி பணம் கொடுக்காது. அரசு எதிர்பார்த்த சேமிப்பு வருடத்துக்கு 100 மில்லியன் டொலர். கர்ப்பிணிகள், பிள்ளைகள், முன்பு இரண்டு தடவை இவ்வகைச் சிகிச்சை பலனளிக்காமல் போனவர்கள் ஆகியோருக்கு விதிவிலக்கு வைத்தார்கள். நீரிழிவுள்ள எம்மவர் பலர் 'லன்ட்டஸ்' இன்சுலினிலிருந்து 'பஸக்ளார்' போன்றவற்றுக்கு மாறியதும் இதே திட்டத்தில்தான்.

எதிர்ப்பும் இருந்தது. கனடிய இரைப்பை குடல் வைத்தியர்களின் சங்கமும் குறோன்ஸ் நோயாளர் அமைப்பும், நன்றாக இருப்பவரை மருத்துவக் காரணமின்றி மாற்றக்கூடாது என்றன. அந்தப் பயத்தை அலட்சியம் செய்ய முடியாது. நோர்வேயில் 482 பேரை வைத்து 52 கிழமை நடத்திய 'நோர்-சுவிச்' ஆய்வு 2017இல் வெளியானது. மூல மருந்தில் தொடர்ந்தவர்களில் 26 வீதத்தினருக்கும், மாறியவர்களில் 30 வீதத்தினருக்கும் நோய் கூடியது. ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்திருந்த எல்லைக்குள் இந்த வித்தியாசம் அடங்கியது. குறோன்ஸ் நோயாளரைத் தனியாகப் பார்த்தபோது இடைவெளி சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வைத் தொடர்ந்து நீடித்தபோது அப்படியொரு வித்தியாசம் காணப்படவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: மருந்தை மாற்றாதவர்களிலேயே நாலில் ஒருவருக்கு நோய் கூடியிருக்கிறது. மாறிய பின் ஒருவருக்கு நோ வந்தால் புது ஊசியைத்தான் குற்றம் சொல்வோம். மாறாதவருக்கு வந்தால் குளிரைக் குற்றம் சொல்வோம்.

மலிவு மருந்தைக் கண்டு நான் அதிகம் பயப்படாததற்கு நாங்கள் வந்த இடமும் ஒரு காரணம். இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே, வியாபாரப் பெயர்களை நம்பாமல் மருத்துவப் பெயரில் கேள்விப்பத்திரம் விட்டு மருந்து வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். 1971இல் அதற்கென்று அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்து, அதன் முதல் தலைவரும் அவரே ஆனார். எங்கள் வயதுக்காரர் குடித்து எழும்பிய குளிசைகளில் பல அந்த வழியாக வந்தவை. பிறகு யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு மருந்துத் தடை வந்தபோது, பெட்டியின் நிறத்தை யாரும் பார்க்கவில்லை; மருந்து வந்ததா என்றுதான் பார்த்தோம்.

இப்போது அந்தக் குளிர்சாதனப் பெட்டிக்குத் திரும்புவோம். இந்த ஊசிகளை இடையில் நிறுத்தினால் இரண்டு கெடுதி உண்டு. ஒன்று, நோய் திரும்பும். மூட்டுவாதம் ஒரு தடவை அரித்த எலும்பு பழையபடி வளராது. மற்றது, உடல் இந்த மருந்தையே அந்நியப் பொருளாகக் கருதி அதற்கெதிராகப் பிறபொருளெதிரி செய்யத் தொடங்கலாம். இன்ஃப்ளிக்சிமாபில் இது நன்றாகத் தெரிந்த பிரச்சினை. நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்ப ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம், அல்லது மருந்து வேலை செய்யாமலே போகலாம். ஒரு ஊசியிலிருந்து அதன் பயோசிமிலருக்கு நேரே மாறுவதை விட, எதையும் போடாமல் இரண்டு மாதம் இருப்பது பல மடங்கு ஆபத்து.

எமது அம்மாமாருக்கு இன்னொரு ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலும்புத் தேய்வுக்கு ஆறு மாதத்துக்கொரு தடவை போடும் 'ப்ரோலியா', அதாவது டெனோசுமாப், இதுவும் மொனோகுளோனல் பிறபொருளெதிரிதான். 2024 முதல் இதற்கும் கனடாவில் பயோசிமிலர் அனுமதி உண்டு. இதைத் தவறவிட்டால், கட்டுப்பட்டிருந்த எலும்புத் தேய்வு வேகமாகத் திரும்பி முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றுக்கு மேல் நொறுங்கக்கூடும். மார்கழியில் ஊருக்குப் போய் சித்திரையில் திரும்பும் அம்மாமாரே, விமானச் சீட்டு எடுக்கும்போது ஊசித் திகதியையும் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பிந்த விடாதீர்கள்.

ரீ.என்.எவ். ஊசிகளைத் தொடங்குமுன் காசநோய்க்கும் ஈரல் அழற்சி 'பி'க்கும் சோதனை செய்வது கட்டாயம். எங்கள் நாடுகளில் பிறந்த பலரின் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கும். இந்த ஊசி அதை எழுப்பிவிடும். சிறுவயதில் போட்ட பீ.சீ.ஜி. தடுப்பூசியால் தோல் சோதனை பிழையாகக் காட்டலாம். இரத்தச் சோதனை அதனால் குழம்பாது. எங்கே பிறந்தீர்கள், வீட்டில் யாருக்காவது சயரோகம் இருந்ததா என்று வைத்தியர் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள்.

வேலை மாறும்போதும், வேலை போகும்போதும், 65 வயதாகும்போதும் காப்புறுதியில் இடைவெளி விழாமல் பாருங்கள். கியூபெக்கில் 1997 முதல் எல்லோருக்கும் மருந்துக் காப்புறுதி கட்டாயம்; தனியார் காப்புறுதி முடிந்தால் உடனே 'ராம்க்'கில் பதிய வேண்டும். இவ்வகை மருந்துகள் பலவற்றுக்கு வைத்தியர் தனிப் படிவம் அனுப்பி அனுமதி எடுக்க வேண்டும். அந்த அனுமதிக்கு முடிவுத் திகதியும் உண்டு. கடைசி ஊசி கையில் இருக்கும்போதே கிளினிக்குக்கு அழையுங்கள். நீங்கள் கட்ட வேண்டிய பங்குக்குச் சட்டப்படி வருட உச்சவரம்பு இருக்கிறது. அதை அறியாமல், கட்டமுடியாது என்று பார்மசியிலிருந்து வெறுங்கையுடன் திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன். சென்னையில் மலிவென்று பயணப் பெட்டியில் கொண்டுவரும் யோசனை வேண்டாம். இரண்டு முதல் எட்டு பாகை செல்சியசில் இருக்க வேண்டிய மருந்து, வழியில் சூடானால் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாமலே கெட்டுவிடும்.

அந்த அம்மா தன் வாத வைத்திய நிபுணரின் தாதியோடு பேசி, சோதனைகள் எடுத்து, புதுப் பெயர் ஊசியைத் தொடங்கிவிட்டா. போன கிழமை ஐயாவைத் தமிழ்க் கடையில் கண்டேன். விரல் வீக்கம் முக்கால்வாசி இறங்கிவிட்டதாம். இடியப்ப உரல் மட்டும் இன்னும் ஐயாவின் பொறுப்பில்தான் இருக்கிறதாம்.