நடுங்கும் படமும் நம்பும் மனமும்

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, எம் தோட்டப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர் சிலர் வகுப்பு முடிந்தும் வீடு செல்ல மறுத்து நின்றனர். காரணம் வினவினேன். ஒருவன் தன் அண்ணனின் கைப்பேசிக்கு வந்த படமொன்றைப் பற்றிச் சொன்னான். செம்பனைக் காட்டில் யாரோ மூச்சிரைக்க ஓடுகிறாராம்; படம் மேலும் கீழும் ஆடுகிறதாம்; மரத்தின் பின்னே வெண்மையாக ஏதோ தோன்றி மறைகிறதாம். "அது பொய்ப்படம்" என்றேன். "பொய்யென்றால் ஏன் ஐயா அப்படி ஆடுகிறது?" என்று கேட்டான். விடை கூறாமல் அதட்டி அனுப்பினேன். அதட்டல் விடையாகாது. அன்று கூறத் தவறியதை இங்கே கூற முயல்கிறேன்.

திகிற்படங்களுள் 'கண்டெடுத்த படச்சுருள்' என்றொரு வகை உண்டு. படம் எடுத்தவர் மறைந்தனர். அவர் விட்டுச் சென்ற சுருள் மட்டும் கிடைத்தது. அதனையே நீங்கள் காண்கிறீர்கள் என்பது இவ்வகையின் பாவனை. நூலுலகில் இவ்வுத்தி பழையது. 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் செய்தித்தாள் நறுக்குகளாலும் ஆனதே. ஏடு இருந்த இடத்தில் பின்னாளில் படச்சுருள் வந்து அமர்ந்தது. 1980இல் இத்தாலியர் ருஜ்ஜேரோ டியோடாட்டோ இயக்கிய 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' வெளியானபோது, நடிகர்களை மெய்யாகவே கொன்றுவிட்டார் என்ற ஐயம் எழுந்து வழக்காயிற்று. அவர்கள் உயிரோடிருப்பதை அவர் மெய்ப்பித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

இத்துணை நம்பிக்கை பிறப்பது எங்ஙனம்? வழக்கமான படங்களில் காமிரா முக்காலியின்மீதோ தண்டவாளத்தின்மீதோ நிற்கும். அமெரிக்கரான காரட் பிரவுன் 1970களில் அமைத்த ஸ்டெடிகாம், வில்சுருள் பொருத்திய கையாலும் எடைச் சமநிலையாலும், நடப்பவரின் குலுக்கம் காமிராவைச் சேராமல் தடுத்தது. இவ்வாறு அசையாது செல்லும் காமிராவை நாம் மறந்து விடுகிறோம். கையில் ஏந்திய காமிராவோ, 'இங்கே ஒருவன் இருக்கிறான்' என்று ஒவ்வோர் அடியிலும் நினைவூட்டுகிறது. அவன் மூச்சும் நடையும் அச்சமும் படத்தில் பதிகின்றன. சாட்சி ஒருவன் இருப்பதாக மனம் கொள்கிறது. சாட்சி இருப்பதால் நிகழ்ச்சியும் மெய் என்று முடிவு கட்டுகிறது.

கருவியின் இயல்பும் இதற்குத் துணை நிற்கிறது. தோளில் தாங்கும் கனத்த காமிரா மெல்ல அசையும். உள்ளங்கையில் அடங்கும் இலேசான காமிரா வெடவெடக்கும். தொலைக்காட்சியை அண்மையாக்க வில்லையைக் கூட்டினால், சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரியும். காமிராமீதுள்ள விளக்கின் ஒளி, தொலைவு இருமடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆதலின் அருகிலுள்ள இலை வெளுத்துத் தோன்ற, அப்பாலுள்ளது கரிய இருளாகும். ஒலிவாங்கியும் காமிராவிலேயே இருந்தால், அதனை ஏந்தியவனின் மூச்சே உரக்கக் கேட்கும். ஏனையோருக்குக் குறையாகும் இவையெல்லாம் இங்கே நிறைவாகின்றன.

1999இல் வெளிவந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' இதற்குச் சிறந்த சான்று. டேனியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் ஆகிய இருவர் இயக்கியது. மேரிலாந்துக் காட்டுக்குச் செய்திப்படம் எடுக்கச் சென்ற மூன்று மாணவர் திரும்பவில்லை என்பது கதை. நடிகர்களே இரண்டு காமிராக்களால் படமெடுத்தனர்: ஒன்று வண்ணக் காட்சிக்கான ஹை-8 வீடியோ, மற்றொன்று கறுப்பு வெள்ளைக்கான 16 மில்லிமீட்டர் ஃபிலிம் காமிரா. 1997 அக்டோபரில் எட்டு நாள் காட்டில் அலைந்தனர். அன்றன்று நடிக்க வேண்டியதைக் குறித்த சீட்டுகள் ஃபிலிம் டப்பாக்களில் அவர்களுக்குக் கிடைத்தன. உணவு நாளுக்கு நாள் குறைக்கப்பட்டது. சூனியக்காரியோ படம் முழுவதிலும் ஒருமுறையேனும் காட்டப்படவில்லை. இறுதிப் பகுதியில் அழும் பெண்ணின் முகமும் முழுமையாகச் சட்டத்துள் அடங்கவில்லை. காட்டாது விட்டதைப் பார்வையாளரின் மனமே வரைந்து கொண்டது. படம் உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் ஈட்டியது.

ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஏறத்தாழ 20 மணி நேரக் காட்சிகளிலிருந்து ஒன்றரை மணிக்கும் குறைந்த படம் தொகுக்கப்பட்டது. கை நடுங்கியது தற்செயலாக இருக்கலாம். அந்நடுக்கத்தைத் தேர்ந்து வைத்தது தற்செயலன்று.

அஞ்சி ஓடுபவன் காமிராவைக் கீழே போடாதது ஏன் என்ற வினாவுக்கும் இவ்வகைப் படம் விடை சொல்லியாக வேண்டும். ஸ்பெயின் நாட்டுப் படமான 'ரெக்' (2007) நல்ல விடை தந்தது. காமிரா ஏந்துபவர் தொலைக்காட்சி நிலைய ஊழியர். படமெடுப்பதே அவர் தொழில். முடிவில் விளக்கு உடைந்தபின், இருளில் காணவல்ல காமிராவே அவருக்குக் கண்ணாகிறது.

இனி, நடுக்கமே அச்சத்தின் வேர் என்று கருதுவதும் பிழை. ஓரன் பெலியின் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' (2007) படத்தில், இரவுக் காட்சிகளில் காமிரா படுக்கையறை முக்காலியில் அசையாது நிற்கிறது. எந்த மூலையில் எது அசையுமோ என்று நம் கண்களே அலைகின்றன. மறுபுறம், 'குளோவர்ஃபீல்டு' (2008) ஆடிய ஆட்டத்தில் பலர்க்குக் குமட்டல் எடுத்தது. கண் அசைவைக் காண, உட்செவி அசைவின்மையை உணர்த்துவதால் வரும் மயக்கம் அது.

இப்போது அம்மாணவனுக்கு விடை கூறலாம்: படம் ஆடுவது, அதனை ஒரு கை பிடித்தது என்பதற்கு மட்டுமே சான்று, எதிரே இருந்தது யாது என்பதற்குச் சான்றன்று.

இவ்வாண்டு இதனை வகுப்பில் செய்து காட்டினேன். துடைப்பக் கழியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கொல்லை மரத்தின் பின்னே நட்டேன். மேசைமீது கைப்பேசியை நிறுத்தி எடுத்த படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தனர். பின்னர் அதே மாணவனிடம் கைப்பேசியைத் தந்து, ஓடிக்கொண்டே எடுக்கச் சொன்னேன். அதனைப் பார்த்தபோது, துணியும் கழியும் தெரிந்திருந்தும், வகுப்பு சற்றே அடங்கிற்று. "ஆட்டினது நான்தானே ஐயா!" என்றான் அவன்.

எழுத்தைப் படிக்கக் கற்பிக்கும் நாம் படத்தைப் படிக்கவும் கற்பித்தல் வேண்டும். பிடித்தவர் யார்? ஏன் பிடித்தார்? எதனை வெட்டினார்? சட்டத்துக்கு வெளியே இருந்தது யாது? இந்நான்கு வினாக்களையும் கேட்கப் பழகிய பிள்ளை, அந்தியில் அச்சமின்றி வீடு செல்லும்.