மன்னர் உட்கார்ந்த சிம்மாசனம்... செய்தது ஒரு பெண்! யார் இந்த கேத்தரின் நைஷ்?

“பழைய சோபா ரிப்பேர், குஷன் வேலை...” பெரும்பாக்கம் அபார்ட்மென்ட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கலைக்கிற ஸ்பீக்கர் குரல் இது. நான் கேட்டவரை ஆண் குரல்தான். நாற்காலி, சோபா செய்யறதே ஆம்பளைங்க வேலைன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

1761-ல் லண்டனில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கும் ராணி சார்லட்டுக்கும் முடிசூட்டு விழா நடந்தது. அதில் அவர்கள் உட்கார்ந்த சிம்மாசனங்களைச் செய்து கொடுத்தவர் கேத்தரின் நைஷ். அப்பா ஹென்றி வில்லியம்ஸ் அரண்மனைக்கு நாற்காலி செய்தவர். அந்த வேலை மகள் கைக்கு வந்தது. 1772 வரை அவரிடமே இருந்தது. அப்போதெல்லாம் ஒரு பெண் பட்டறை நடத்தணும்னா, பெரும்பாலும் அப்பாவோ கணவரோ விட்டுப்போன தொழிலாகத்தான் இருக்கும். விழா முடிந்ததும் அந்தச் சிம்மாசனங்களை அரண்மனை நிர்வாகத்தைக் கவனித்த டெவன்ஷயர் பிரபு தன் பங்காக வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார் (செம சலுகை!). இன்றும் சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருக்கின்றன.

நைஷின் வேலை மரச்சட்டம். குஷன் வேலைக்குத் தனி ஆள். அப்போது ஃபோம் கிடையாது. அடியில் பட்டை நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஆணியடிப்பார்கள். அதன்மேல் குதிரை முடியைத் திணித்து, துணியால் மூடித் தைத்து, கடைசியாகத்தான் பட்டோ வெல்வெட்டோ.

துணிப் பக்கத்திலும் ஒரு பெண் இருந்தார். ஃபீபி ரைட். ராணி சார்லட்டின் ஆதரவோடு ஆதரவற்ற பெண்களுக்கு எம்பிராய்டரி பள்ளி நடத்தியவர். 1770-களில் அங்கே தயாரான ராணியின் கட்டில் திரைகள் முழுக்கப் பூ வேலைதான். அந்தக் கட்டில் இப்போது ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இருக்கிறது.

இதில் நம்ம கடற்கரைக்கும் ஒரு தொடர்பு இருக்கு. சாயவேர் சிவப்பில் சோழமண்டலக் கரையில் தயாரான சீட்டித் துணி மீது லண்டனுக்கு அவ்வளவு மோகம். உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். 1721-ல் போட்ட சட்டம், அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்த மட்டுமல்ல, நாற்காலி, மெத்தைக்குப் போடவும் தடை விதித்தது. 1774-ல் இங்கிலாந்திலேயே அச்சிட்ட துணிக்கு வழிவிட்டார்கள். நம்ம துணிக்கு இல்லை. நடிகர் டேவிட் கேரிக்கின் கட்டிலுக்கு இந்தியாவிலிருந்து வந்த மசூலிப்பட்டினத்துச் சீட்டியைக்கூட சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அந்தக் கட்டில் இன்று லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், சீட்டித் திரைகளோடு.